ஆமென் சொன்ன பிறகு

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஆமென் சொல்லவே எல்லோருக்கும் பயமாக இருந்தது. ஜெபம் பண்ணப் பயமில்லை. கண்ணை மூடிக்கொண்டு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஆமென் என்று முடித்த பிறகுதான் வம்பு. அடுத்த நிமிடமே என் கணவரின் அக்கா பாயை விட்டு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சரி, கெளம்புங்க" என்பார். எங்கே கிளம்புவது? இப்போது யாருக்காகக் கேட்டோமோ, அவர்களைப் பார்க்கத்தான்.

முதலில் மாட்டியவன் என் மகன் ஆரோன். அப்போது இரண்டாம் வகுப்பு. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜெபத்தில் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "இயேசப்பா, வாட்ச்மேன் அண்ணாவுக்கு இருமல் நிக்கணும், ஆமென்" என்று முடித்துவிட்டு டிவி ரிமோட்டைத் தேடினான்.

"ஏல, எங்க போற?"

"ஜெபம் முடிஞ்சிடுச்சு அத்தை."

"கேட்டதுதான் முடிஞ்சிருக்கு. அவரு இருமுறாருன்னு உனக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டே அவரைத் தூக்கி இயேசப்பா தலையில கட்டிட்டு நீ டிவி பாப்பியோ?"

சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொதித்தது. பிளாஸ்க்கை ஆரோன் கையில் கொடுத்து, குடையைத் தான் பிடித்துக்கொண்டு, மூன்று மாடி இறங்கினார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அரை மணி கழித்துத் தொப்பலாக நனைந்து வந்த பிள்ளை என் காதில் சொன்னான்: "இனிமே வாட்ச்மேன் அண்ணாவுக்கு ஜெபமே பண்ண மாட்டேன்மா."

எங்கள் பக்கமாக இருந்தால் கணவரின் அக்காவை அண்ணி என்று கூப்பிட்டிருப்பேன். இவர்கள் திருநெல்வேலிக்காரர்கள், அதனால் மைனி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள சேலையூருக்கு எங்களோடு வந்துவிட்டார். வார்டில் பெல் அடித்தால் எழுந்து ஓடிய பழக்கம்தான் இது என்பார் என் கணவர். எனக்கு அது சரியாகப் படவில்லை. எத்தனையோ நர்சுகளைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் எல்லாம் உட்காரவும் செய்வார்கள். மைனி உட்கார்ந்து நான் பார்த்தது பாயில் மட்டும்தான், அதுவும் ஆமென் வரைக்கும்.

சாயங்காலம் எதிர் வீட்டில் சீரியல் பாட்டு ஆரம்பிக்கும்போது எங்கள் வீட்டில் பாய் விரிக்கப்படும். பிள்ளைகள் கைகால் கழுவி வந்து உட்கார வேண்டும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு சின்னதிலிருந்து பெரிது வரை ஆளுக்கு ஒரு ஜெபம். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு மனப்பாட ஜெபம் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள், அவர்களும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டுச் சாப்பிட ஓடுவார்கள். மைனியிடம் அது நடக்காது. "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று ஆரம்பித்தாலே நிறுத்திவிடுவார். "எல்லாரும்னா யாரு? இன்னிக்கு நீ பாத்த ஒரு ஆளைச் சொல்லு. அவங்களுக்கு என்ன வேணும்னு சொல்லு" என்பார். பிள்ளைகள் யோசிப்பார்கள். அந்த யோசனை நேரம் எனக்கு இருப்புக் கொள்ளாது. இன்றைக்கு யார் பெயர் வரப்போகிறதோ, யார் வீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறோமோ என்றிருக்கும்.

நானும் அந்தப் பாயில் பிள்ளைகளோடு பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். என் பிறந்த வீடு பள்ளிக்கரணை. ஏரித் தண்ணீரில் நெல் போட்டு, பிறகு வயலெல்லாம் மனையான குடும்பம். அம்மனுக்குச் சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வளர்ந்தவள். கூட வேலை பார்த்தவரைக் காதலித்து, ஞானஸ்நானம் எடுத்து, சர்ச்சில் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். கடவுளிடம் வாக்கியம் வாக்கியமாக வாய்விட்டுப் பேசுவது எனக்கு ரொம்ப நாள் வெட்கமாக இருந்தது. என் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? அதனால் மைனி வந்தபோது அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா, தப்பிக்க வழி கண்டுபிடித்தார்கள். ஆரோன் ஒருநாள் ஆப்பிரிக்காவில் பசியோடு இருக்கும் பிள்ளைகளுக்காக உருக்கமாக ஜெபித்துவிட்டு, ஒரு கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தான். ஆப்பிரிக்காவுக்கு எப்படிக் கிளம்ப முடியும்? மைனி அசரவில்லை. "ரொம்ப நல்லது. அவ்வளவு தூரம் போக முடியாதுதான். பசியா இருக்கிற பிள்ளை கேம்ப் ரோட்லயே இருக்கும், வா" என்று இட்லிப் பொட்டலத்தோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார்.

பெரியவர்களும் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் யாராவது "என் மகனுக்கு வேலைக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மிக்சர் சாப்பிடுவார்கள். சனிக்கிழமை காலை அவர்கள் காபி குடிக்கும்போது மைனி வாசலில் நிற்பார். பையனை எழுப்பச் சொல்வார். என்ன படித்தான், எங்கே விண்ணப்பம் போட்டான், ஏன் இன்னும் தூங்குகிறான் என்று கேட்பார். நாளடைவில் கூட்டத்தில் ஜெப விண்ணப்பங்கள் குறைந்துபோயின. எங்கள் போதகரே ஒருமுறை சிரித்துக்கொண்டே, "விண்ணப்பம் இருந்தா சொல்லுங்க, ஆனா அக்கா இருக்காங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார். மைனிக்கு அது கேலி என்றே தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர் இப்போது உயிரோடு இல்லை. ஊரில் அவர்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணியிருக்கிறோம். அங்கேயாவது சும்மா படுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாம் சிரிப்பாக முடிந்துவிடவில்லை. என் மகள் கெசியாவுக்கு அப்போது நாலு வயது இருக்கும். ஒருநாள், "இயேசப்பா, கீழ் வீட்டு ஆன்ட்டி பாத்ரூம்ல அழுறாங்க, அழக்கூடாது, ஆமென்" என்றாள். எங்கள் குளியலறை ஜன்னலும் அவர்கள் குளியலறை ஜன்னலும் ஒரே சந்தில் திறக்கும். அந்த அழுகை எங்களுக்கும் கேட்டிருக்கிறது. கேட்காத மாதிரி இருந்தோம். மைனி விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, புருஷனை வைத்துக்கொண்டே, "ஏம்மா அழுத?" என்று கேட்டுவிட்டார். அந்த ஆள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. கடைசியில் அந்தப் பெண்ணே, "உங்க வேலையப் பாத்துக்கினு போங்க ஆன்ட்டி" என்று கதவைச் சாத்தினாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நாளைக்கு இவங்க போயிடுவாங்க, அக்கம்பக்கத்துல முழிக்கிறது நான்தானே" என்று கணவரிடம் எரிந்து விழுந்தேன். மைனி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பாயில் உட்கார்ந்ததும், முதலில் அவரே ஜெபித்தார். "ஆண்டவரே, நேத்து நான் கேட்ட விதம் தப்பு. ஆம்பளையை வச்சுக்கிட்டுக் கேட்டிருக்கக் கூடாது. என்னால அந்தப் பிள்ளைக்கு அடி கூடியிருந்தா என்னைய மன்னியும்." பிள்ளைகள் இருவரும் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார்கள். பெரியவர்கள் தங்கள்மேல் தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை. "இப்ப எங்க போகணும் அத்தை?" என்றாள் கெசியா. "தெரியலட்டி" என்றார் மைனி. அதன் பிறகு தினமும் காலையில் கீழே இருந்த கறிவேப்பிலை மரத்தடியில் தேவைக்கு மேல் நேரம் நின்றார். சில வாரம் கழித்து அந்தப் பெண் வெளியே வந்து ஒரு கொத்து வாங்கிப் போனாளாம். அன்றைக்கு மைனி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கெசியா யூகேஜி படிக்கும்போதுதான் என் தலையில் விழுந்தது. முதல் மாடிக் குழந்தைக்குக் காது குத்து. எங்கள் பிள்ளைகளும் போயிருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். அந்தக் குழந்தை வீல் என்று அலற, மாமன்காரன் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். கெசியா வந்து, "எனக்கு மாமா இருக்காங்களாம்மா?" என்றாள். நான் ஆபீஸ் கால் ஒன்றில் இருந்தேன். "இருக்காரு, பள்ளிக்கரணைல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரே தம்பி. அம்மா அப்பா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். என் கல்யாணச் செய்தி கேட்டு, "இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத" என்றான். நானும் ஏறவில்லை. எனக்கும் அவன் ரத்தம்தானே ஓடுகிறது. தண்ணீர் லாரி வைத்துப் பிழைக்கிறான். லாரிகளின் பின்னால் எங்கள் அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருப்பான். வேளச்சேரி ரோட்டில் அந்தப் பெயர் என்னை முந்திக்கொண்டு போகும்போதெல்லாம் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்றுவிடுவேன். ஷேர் ஆட்டோவில் ஏறினால் அரை மணி நேரத்தில் அவன் வீடு.

அன்று சாயங்காலம் பாயில் கெசியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "இயேசப்பா, பள்ளிக்கரணை மாமா என்னை மடியில உக்கார வைக்கணும். ஆமென்."

என் கணவர் தரையைப் பார்த்தார். மைனி எழுந்துவிட்டார்.

"வேணாம் மைனி" என்றேன். "இதுக்கு மட்டும் கெளம்பாதீங்க."

"பிள்ளை கேட்டிருக்கால்லா?"

"அவன் மூஞ்சியில அடிச்ச மாதிரி போன்னு சொல்லுவான். எனக்குப் பழகிடுச்சு. அவளுக்கு? அஞ்சு வயசுல அதைப் பாத்தான்னா இந்தப் பாயில வந்து உக்காருவாளா? அவளைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு எனக்குச் சொல்லுங்க."

"கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மைனி உட்கார்ந்தார். ஆமென்னுக்குப் பிறகு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

கெசியா விடவில்லை. தினமும் அதே ஜெபம். தினமும் அத்தையைத் திரும்பிப் பார்ப்பாள். மைனி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பார். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது அவர் வீட்டில் இல்லை. இருட்டும் நேரத்தில் வந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, ஒளிக்காமல் சொன்னார்: "உன் தம்பியைப் பாத்துட்டு வாறேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலை."

"என்ன சொன்னான்?"

"'இன்னா வோணும், மதம் மாத்த வந்துக்கினியா'ன்னான். இல்ல தம்பி, உங்க அக்கா மக உங்க மடியில உக்காரணும்னு கேக்கான்னேன். 'போம்மா, வேலை கீது'ன்னுட்டான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே."

"நீ மூஞ்சியில அடிப்பான்னு சொன்னே. அடிக்கலை. நான் தெரு முக்கு திரும்புறது வரைக்கும் பாத்துக்கிட்டுதான் நின்னான்." அதைச் சொன்னபோது அவர் கண்ணில் ஒரு கள்ளத்தனம் தெரிந்தது. எனக்குப் பயம் அதிகமானது.

சித்திரையில் எங்கள் போர்வெல் வற்றியது. மோட்டார் போட்டால் காற்றுதான் வந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் லாரித் தண்ணீர் வாங்க முடிவானது. நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, மைனி போயிருந்தார். இரண்டு நாள் கழித்துக் காலையில் பால்கனியில் துணி காயப்போட்டவள், கீழே சம்ப்புத் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த லாரியின் பின்னால் அம்மாவின் பெயரைப் பார்த்தேன். ஈரத்துணி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"மைனி!"

"பிள்ளையை எங்கயும் கூட்டிட்டுப் போகலையே நான்" என்றார் அடுப்படியிலிருந்து.

லாரியில் வந்தது டிரைவர்தான். மைனி கம்பெனிக்கு போன் போட்டார். தண்ணீர் உப்பு, துணியில் வெள்ளையாகப் படிகிறது, முதலாளி வந்து பார்க்க வேண்டும் என்றார். அடுத்த லாரி வந்ததும் மறுபடி போன். பொய் சொல்கிறாரோ என்று ஒரு வாய் ஊற்றிப் பார்த்தேன். உப்புதான். ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த லாரித் தண்ணீர் உப்பில்லாமல் இருக்கிறது? அவர் பொய்யும் சொல்லவில்லை, விடவும் இல்லை.

அதற்கும் அடுத்த லாரி வந்த அன்று பள்ளிக்கூட நாள். கெசியாவை வேன் ஏற்றக் கீழே கூட்டிவந்தேன். தெருவை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. டிரைவர் சீட்டிலிருந்து என் தம்பி இறங்கினான். உடம்பு போட்டிருந்தான், முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. இத்தனை லாரி வைத்திருப்பவன் ஒரு உப்புப் புகாருக்காக நேரில் வருவானா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது. "இன்னா சார், சும்மா சும்மா கம்ப்ளைண்ட்? பேஜாரா கீது" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கத்திக்கொண்டே திரும்பியவன் என்னைப் பார்த்தான்.

என் வாயிலிருந்து அவன் பெயர் தானாக வந்துவிட்டது. கெசியா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, பள்ளிக்கரணை மாமாவா?"

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் தப்பாகச் சொன்னால் போதும், என் பிள்ளை உள்ளே ஒடிந்துவிடும். அவள் கையை நான் எவ்வளவு அழுத்திப் பிடித்தேனோ, "வலிக்குதும்மா" என்று உருவிக்கொண்டு அவனிடம் போய்விட்டாள்.

"மாமா, உக்காருங்க."

"இன்னாத்துக்குமா?"

"மடி வேணும்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு செயலாளரை, பிறகு தன் பேன்ட்டை. "எல்லாம் ஈரமா கீதேமா" என்றான். "பரவால்ல" என்றாள். சம்ப்புத் திட்டில் மெல்ல உட்கார்ந்தான். முதுகில் பள்ளிக்கூடப் பையோடு அவள் ஏறி உட்கார்ந்தாள். அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டு கையும் கொஞ்ச நேரம் காற்றில் நின்றன. பிறகு ஒன்றை அவள் பையின் மேல் வைத்தான். எனக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. யார் பார்த்தால் என்ன என்று நின்ற இடத்திலேயே அழுதேன்.

அவன் என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டான்: "உங்கம்மா என்னாண்ட பேச மாட்டாளாமா? கேட்டுச் சொல்லு."

லாரிக்குப் பின்னால் பள்ளி வேன் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. சம்ப் நிறைந்து தண்ணீர் தெருவில் ஓடியது.

"முதல்ல லாரியை ஓரங்கட்டுடா" என்றேன். "வேன் நிக்குது, கண்ணு தெரியலியா? தண்ணி வேற வீணாப் போகுது. எடுத்துட்டு மேல வா."

"தோ, எடுக்கறேன்க்கா" என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுந்தான்.

கெசியா அன்று வேனில் போகவில்லை. அவனோடு லாரியில் ஏறி, தெருவைச் சுற்றிவிட்டு வந்தாள். மூன்று மாடியும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஏறினாள். இவ்வளவு நடந்தும் மைனி கீழே இறங்கி வரவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் ஒரு டம்ளரோடு நின்றார். தம்பிக்கு அவரைப் பார்த்ததும் தர்மசங்கடமாகிவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு வாசலிலேயே நின்றான்.

"இந்தாங்க தம்பி, உங்க லாரித் தண்ணிதான். நான் சொன்னது பொய்யான்னு குடிச்சுப் பாருங்க."

அவன் வாங்கி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான், அப்படியே முகத்தையும் துடைத்துக்கொண்டான்.

"உப்பாத்தான் கீதுமா" என்றான். "நாளிக்கு வேற கெணத்துத் தண்ணி அனுப்பறேன்."

"அனுப்பாதீங்க" என்றார் மைனி. "கொண்டு வாங்க."